எழுத்தாளருக்கு வலைப்பூ எதற்கு? குலசேகரம் தம்பிக்கு ஒரு பதில்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தனியார் பள்ளியில் ஆசிரியர். அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர். பதினான்கு சிறுகதைகள் எழுதி வைத்திருக்கிறார். நான்கு இதழ்களுக்கு அனுப்பியதில் ஒன்றிலிருந்துகூடப் பதில் வரவில்லை. “அண்ணா, ஒரு வலைப்பூ ஆரம்பித்து எல்லாவற்றையும் அதில் போட்டுவிடட்டுமா? இப்போதெல்லாம் யாரும் வலைப்பூ வாசிப்பதில்லை என்கிறார்கள். அதில் போட்ட கதையைப் பதிப்பகம் எடுக்காது என்றும் சொல்கிறார்கள். நாளைக்குப் புத்தகம் போட்டால் விற்பதற்கு உதவுமா, இல்லை நேரம்தான் வீணா?” இதுதான் அவர் கேள்வி.

ஆரம்பியுங்கள் தம்பி. ஆனால் அந்தப் பதினான்கு கதைகளை அதில் போடாதீர்கள்.

இரண்டும் முரணாகத் தெரியும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் பதினெட்டு வருடத்துக்கு மேல் செலவழித்திருக்கிறேன். என் மூன்று புத்தகங்களில் இரண்டு வலைப்பூவிலிருந்து வந்தவை.

நான் தொடங்கியது 2007-இல். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வருவதற்குப் பல வருடம் முன்பு. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. தாளில் எழுதிக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் தட்டச்சு செய்வேன். தமிழ் வலைப்பதிவுகளுக்கு அது திருவிழாக் காலம். 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டி இருந்தது. யார் எதை எழுதினாலும் அதன் முகப்பில் வரும். பதிவைப் போட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பின்னூட்டம் வந்து கிடக்கும். முன்பின் தெரியாதவர்கள் உறவுக்காரர்கள் மாதிரி பேசிக்கொண்ட காலம்.

அது போய்விட்டது. பல வலைப்பூக்களை ஒரே இடத்தில் வாசிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. அதற்குள்ளேயே பெரும்பாலோர் ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அதனால் யாரும் வாசிப்பதில்லை என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது சந்தை கலைந்த இடத்தை.

ஆனால் ஒரு விஷயத்தை அவர்கள் கவனிக்கவில்லை. அன்று வாசகர் வலைப்பூவுக்கு வந்தார், அடுத்து என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க வந்தார். இன்று அவர் ஒரு பதிவுக்கு மட்டும் வருகிறார். எதையோ தேடும்போது கூகுள் கொண்டுவந்து விடுகிறது, அல்லது குடும்ப வாட்ஸப் குழுவில் யாரோ அனுப்புகிறார். அவர் வருகிற நாள் நீங்கள் எழுதிய நாளாக இருக்க வேண்டியதில்லை. ஆறு வருடம் கழித்தும் வருவார்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. 2011-இல் அண்டியாபீஸ் பற்றி ஒரு பதிவு எழுதினேன். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். என் அம்மா அங்கே இருபது வருடம் வேலை பார்த்தவர். கொட்டையை வறுப்பது, தல்லுவது, தொலி உரிப்பது, தரம் பிரிப்பது என்று ஒவ்வொரு வேலையையும், தோட்டின் எண்ணெய் பட்டு விரல் கறுத்துப்போவதையும், அந்தக் கையோடு எங்களுக்குச் சோறு பிசைந்து தரமாட்டார், கரண்டியால்தான் பரிமாறுவார் என்பதையும் எழுதியிருந்தேன். அந்த வாரம் அதை வாசித்தவர்கள் பதினொரு பேர். எண்ணிக்கை நன்றாக நினைவிருக்கிறது, மனசு விட்டுப்போயிற்று.

2017-இல் சவூதியிலிருந்து ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். கருங்கல் பக்கத்துக்காரர். அம்மா இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. தூக்கம் வராமல் ஒரு ராத்திரி அண்டியாபீஸ் என்று தமிழில் தட்டித் தேடியிருக்கிறார். என் பதிவு வந்திருக்கிறது. தன் அம்மாவைப் பற்றி நான்கு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். அவர் மூலமாக இன்னும் ஆறு பேர், அவர்கள் மூலமாகச் சில பெண்கள், இன்றும் வேலை பார்க்கிறவர்கள், பேச முன்வந்தார்கள். என் இரண்டாவது புத்தகம் அங்கிருந்துதான் தொடங்கியது. எந்தப் பதிப்பகமும் எந்த இதழும் அந்த ஏழு பேரை என்னிடம் கொண்டுவந்து சேர்த்திருக்க முடியாது.

வலைப்பூவின் பயன் என்று நான் சொல்வது இதை. உங்கள் கதைகளுக்கு அடியில் இருக்கிற மண்ணை அதில் எழுதுங்கள். கதைகளை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கதையை ஏன் போடக்கூடாது? முதல் காரணம் நடைமுறை சார்ந்தது. இதழ்களும் சிறுகதைப் போட்டிகளும் பெரும்பாலும் அச்சிலோ இணையத்திலோ வெளிவராத படைப்பு வேண்டும் என்று கேட்கின்றன. வலைப்பூவில் போட்டாலும் வெளிவந்ததாகத்தான் கணக்கு. பத்து பேர் வாசித்தாலும் அப்படித்தான். அந்தக் கதவை நீங்களே சாத்திவிடுகிறீர்கள். பதிப்பகங்களின் நிலை வேறு. சிறுகதைத் தொகுப்பு போடும்போது கதை முன்பு எங்கே வந்தது என்பதை அவர்கள் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒரு தொகுப்பை எடுத்துக்கொள்ளும் முன் அதில் நான்கைந்து கதைகளாவது நல்ல இதழ்களில் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அங்கே ஒரு இதழாசிரியர் அதை வாசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

அந்த இதழாசிரியர்தான் இரண்டாவது காரணம், எனக்கு இதுதான் பெரிது. வலைப்பூவில் உங்களைத் தடுக்க யாருமில்லை. ராத்திரி முடித்த கதையைக் காலையில் போட்டுவிடலாம். பின்னூட்டத்தில் நண்பர்கள் “அருமை” என்பார்கள். கதையின் கடைசிப் பத்தி தேவையில்லை, தூக்கிவிடு என்று சொல்ல ஆள் இருக்காது. என் முதல் முப்பது கதைகளை நான் அப்படித்தான் போட்டேன். அவற்றில் எட்டு கதைகள் நன்றாக வந்திருக்க வேண்டியவை, அவசரத்தால் அரைவேக்காடாகிவிட்டன. அவற்றை மறுபடி எடுத்துச் செப்பனிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் வெளியான கதை மனதுக்குள் முடிந்துபோன கதையாகிவிடுகிறது. இந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

நான்கு இதழ்கள் பதில் போடவில்லை என்பதற்காகச் சோர வேண்டாம். இலக்கிய இதழ்களில் ஒன்றிரண்டு பேர்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். மூன்று மாதம் பொறுத்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள், பதில் இல்லையென்றால் அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். அச்சு இதழ்களோடு நிற்கவும் வேண்டாம். சொல்வனம் போன்ற இணைய இதழ்கள் இருக்கின்றன, அங்கே தேர்வுக்குழுவும் உண்டு, உலகம் முழுவதும் வாசகரும் உண்டு. கதைக்கு அதுதான் சரியான இடம்.

இணையத்தில் தொடராக எழுதுவதை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தொடராக எழுதுவது நம் மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. தேங்காய்ப்பட்டணத்துக்காரரான தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ முதலில் முஸ்லிம் முரசு இதழில் தொடராக வந்து, 1988-இல் புத்தகமானது. அதே 1988-இல்தான் நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி காலச்சுவடு இதழைத் தொடங்கினார். சென்னையைப் பார்த்துக் காத்திருக்காமல் இங்கிருந்தே நமக்கான இடத்தை உண்டாக்கிக்கொள்வது நாம் செய்து பழகியதுதான். வலைப்பூவை அந்த வரிசையில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

இணையத்துக்கு நம் மாவட்டத்தில் கிடைக்கிற பெரிய சாட்சி ஜெயமோகன். மகாபாரதத்தை அடிப்படையாகக் கொண்ட வெண்முரசை 2014 ஜனவரியில் தொடங்கி, இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டு, 2020 ஜூலையில் 26 நாவல்களாக முடித்தார். முழுவதும் இலவசமாக வாசிக்கக் கிடைத்தது, அதே நேரம் அச்சிலும் புத்தகங்களாக வந்தது. 2011-இல் அவர் தன் இணையதளத்தில் தொடர்ச்சியாக எழுதிய கதைகள்தான் பிறகு ‘அறம்’ தொகுப்பு ஆயின, 2022-இல் அது ஆங்கிலத்துக்கும் போனது. இலவசமாகக் கொடுத்தால் புத்தகம் விற்காது என்ற பயத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

ஆனால் இந்த உதாரணத்தை நம் கழுத்தில் கட்டிக்கொள்ளும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். அவருடைய விஷ்ணுபுரம் நாவல் வந்தது 1997-இல். இணையத்தில் நாள்தோறும் எழுதத் தொடங்கியபோது அவருக்கு ஏற்கெனவே வாசகர்கள் இருந்தார்கள். வலைத்தளம் அந்தக் கூட்டத்தைப் பல மடங்கு பெருக்கியது. வெறும் கையோடு வந்தவருக்கு அது அப்படியே நடக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஆண்டி வியர் கதையையும் இதற்குச் சொல்வார்கள். 2011 வாக்கில் ‘தி மார்ஷியன்’ நாவலைத் தன் தளத்தில் ஒவ்வொரு அத்தியாயமாக இலவசமாகப் போட்டார், வாசகர்கள் அறிவியல் பிழைகளைத் திருத்தினார்கள், அமேசானின் கிண்டிலில் மின்னூலாக வேண்டும் என்று கேட்டதால் 99 சென்ட் விலையில் போட்டார், 2014-இல் பெரிய பதிப்பகம் வெளியிட்டது, படமும் ஆனது. எல்லாம் உண்மை. ஆனால் அவர் அதற்கு முன்பே பல வருடம் இணையத்தில் கதைகளும் சித்திரக்கதைகளும் போட்டு வாசகர்களைச் சேர்த்து வைத்திருந்தார். அந்தப் பகுதியைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

எழுத்தாளரே உட்கார்ந்து செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. நாஞ்சில் நாடனின் கதைகளையும் கட்டுரைகளையும் வாசகர் ஒருவர் அன்பினால் இணையத்தில் தொகுத்து வைத்தார். அங்கே போய் அவரைக் கண்டடைந்த இளைஞர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

சரி, கதை இல்லையென்றால் வலைப்பூவில் எதை எழுதுவது?

உங்கள் வீட்டில் இருப்பதை எழுதுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் பால்வெட்டு பற்றி எழுதுவேன். விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவது, குளிர் இருக்கும்போதே வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும் என்பது, சிரட்டை, ஒட்டுப்பால், உறைய வைப்பது, ஷீட் அடிப்பது, அந்த ஷீட்டைப் புகையில் உலர்த்தும் புகைப்புரையின் வாசனை, வேனலில் இலை உதிர்ந்ததும் வெட்டு நிற்பது, அந்த நாட்களில் வீட்டில் பணம் எப்படிப் போதாமல் போகும் என்பது. இதெல்லாம் உங்களுக்குச் சாதாரணம். தஞ்சாவூரில் இருக்கிற வாசகருக்கு இது தெரியாத உலகம். கத்தாரில் இருக்கிற குலசேகரத்துக்காரருக்கு இது ஊர். இரண்டு பேரும் உங்களுக்கு வேண்டும்.

இப்படி எழுதுவதில் எழுத்தாளருக்குத் தனியாக ஒரு லாபம் இருக்கிறது. நீங்கள் கதை எழுதும்போது புகைப்புரை என்று ஒரு வரியில் கடந்துபோயிருப்பீர்கள். அதைப் பற்றி எழுநூறு சொல் எழுத உட்காரும்போதுதான் அந்தச் சுவரில் என்ன நிறம், கம்பில் ஷீட்டை எப்படி விரிக்கிறார்கள், எத்தனை நாள் ஆகும் என்று அப்பாவிடம் கேட்க வேண்டிவரும். கேட்டபிறகு உங்கள் பதினைந்தாவது கதை முதல் பதினான்கு போல இருக்காது. என்னுடைய அண்டியாபீஸ் பதிவை எழுதிய பிறகுதான் என் கதைகளில் பெண்களின் கைகள் வரத் தொடங்கின.

சொற்களையும் எழுதி வையுங்கள். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பேச்சில் இருக்கிற எத்தனையோ சொற்கள் வீட்டுக்கு வெளியே எழுதப்படவே இல்லை. அக்கானி என்றால் மதுரைக்காரருக்குப் புரியாது, பதநீர் என்றால் புரியும். மரச்சீனிக்கு மற்ற ஊர்களில் மரவள்ளி, குச்சிக்கிழங்கு என்று பெயர். ஒரு பதிவு எழுதும்போது நம் சொல்லையே முன்னால் வைத்து எழுதுங்கள், ஆனால் பதிவுக்குள் ஓரிடத்திலாவது மற்றவர்கள் சொல்லும் பெயரும் இயல்பாக வரட்டும். அப்போது இரண்டு வகையில் தேடுபவருக்கும் உங்கள் பதிவு அகப்படும். தலைப்பைக் கவித்துவமாக வைக்கத் தோன்றும். ‘நினைவின் புகை’ என்று வைத்தால் அதை யார் தேடப்போகிறார்கள்? ‘ரப்பர் புகைப்புரை எப்படி இருக்கும்’ என்றே வையுங்கள்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது கூகுளில் கேட்டால் மேலேயே சுருக்கமான பதில் வந்துவிடுகிறது. கீழே இருக்கிற பக்கத்துக்குள் வரவே வேண்டியதில்லை. நம் மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த வருடம் 2023 என்பதை அறிய யாரும் உங்கள் வலைப்பூவுக்கு வரப்போவதில்லை. உங்கள் பாட்டி மட்டிக்குலையைச் சாக்கில் சுற்றி எந்த மூலையில் பழுக்க வைத்தார், முதல் பழத்தை யாருக்குக் கொடுத்தார் என்பது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை எழுதினால் வருவார்கள்.

ஃபேஸ்புக்கில் எழுதினால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். அங்கே எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு வருடம் முன்பு எழுதிய ஒன்றை அங்கே நீங்களே தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. முதலில் வலைப்பூவில் போட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு பத்தியை எடுத்து ஃபேஸ்புக்கிலும் வாட்ஸப்பிலும் இணைப்போடு போடுங்கள். பிரதிலிபி போன்ற தளங்களில் தொடர்கதை வாசகர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். குடும்பக் கதை, மர்மக் கதை எழுதுபவருக்கு அது நல்ல இடம். உங்கள் எழுத்து எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

கிண்டிலில் புத்தகம் போடும் எண்ணம் இருந்தால் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அமேசானில் நாமே மின்னூல் போடும்போது கேடிபி செலக்ட் என்று ஒரு திட்டம் இருக்கிறது. இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமானால் அதில் சேர வேண்டும், இல்லையென்றால் 35 சதவீதம்தான். சேர்ந்தால் ஒவ்வொரு முறையும் 90 நாளுக்கு அந்த நூலின் உள்ளடக்கம் மின்வடிவில் வேறெங்கும் கிடைக்கக்கூடாது. உங்கள் சொந்த வலைப்பூவும் அதில் அடக்கம். மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நாவல் முழுவதையும் வலைப்பூவில் போட்டுவிட்டு, அதை எடுக்காமலேயே இந்தத் திட்டத்தில் சேர்ந்து, பிறகு எச்சரிக்கைக் கடிதம் வந்து தவித்த ஒருவரை எனக்குத் தெரியும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசிவிடுவோம். தளங்களுக்கு விளம்பரம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழ் தளங்களை ஏற்கத் தொடங்கியது 2018-இல். நானும் விளம்பரம் வைத்தேன். நூறு டாலர் சேர்ந்தால்தான் கணக்குக்கு அனுப்புவார்கள். அந்த நூறைத் தொட எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஒரு நாள் ஒக்கிப் புயல் பற்றிய என் பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். 2017 நவம்பர் 30-ஐ ஒட்டிய நாட்களில் தூத்தூர், வள்ளவிளை, நீரோடி கரைகளில் காத்து நின்ற பெண்கள் சொன்னதை எழுதிய பதிவு அது. திரும்பி வராதவர்களைப் பற்றிய பத்திகளுக்கு நடுவில் ஒரு கடற்கரை சொகுசு விடுதியின் விளம்பரம் இருந்தது. அன்று இரவே விளம்பரங்களை எடுத்துவிட்டேன், பிறகு வைக்கவில்லை.

புத்தகத்திலும் பெரிய கணக்கு இல்லை. இருநூறு ரூபாய் புத்தகத்துக்குப் பத்து சதவீதம் ராயல்டி என்றால் பிரதிக்கு இருபது ரூபாய். முதல் அச்சு முந்நூறு பிரதி, அத்தனையும் விற்றால் ஆறாயிரம். என் முதல் புத்தகம் வலைப்பூவுக்குத் தொடர்பில்லாதது. அது முந்நூறு விற்க ஐந்து வருடம் ஆனது. அண்டியாபீஸ் புத்தகம் பதினோரு மாதத்தில் தீர்ந்தது. வாங்கியவர்களில் பாதிப்பேருக்கு மேல் வலைப்பூ வழியாக வந்தவர்கள், எனக்குப் பெயர் தெரிந்தவர்கள். நாகர்கோவில் புத்தகத் திருவிழாவில் ஒரு அம்மா வந்து, “எனக்கு வாசிக்கத் தெரியாது மக்கா, மோள் வாசிச்சு கேட்டேன்” என்று சொல்லி இரண்டு பிரதி வாங்கிப்போனார். விற்க உதவுமா என்ற உங்கள் கேள்விக்கு என் அனுபவம் இதுதான். முன்பே மூன்று நான்கு வருடம் எழுதியிருந்தால் உதவும். புத்தகம் அச்சுக்குப் போன பிறகு அதை விற்க வலைப்பூ தொடங்கினால் உதவாது.

திருடிவிடுவார்களே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் நடந்தது. அக்கானி பற்றிய என் பதிவு ஒன்று, பெயரில்லாமல், ஒரு நாளிதழின் இணைப்பில் அப்படியே வந்தது. என் பதிவின் தேதியோடு கடிதம் எழுதினேன், இரண்டு வாரம் கழித்து என் பெயரைச் சிறியதாகப் போட்டார்கள். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி நீங்கள் எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது, பதிவு செய்திருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் வாழ்நாளும் அதற்குப் பிறகு 60 வருடமும் அது நீடிக்கும். தேதியோடு இணையத்தில் இருப்பது உங்களுக்கு ஒரு சாட்சி. பதிப்பக ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது மட்டும் கவனமாக இருங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில்தான் இருக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளும். மின்னூல் உரிமையைத் தனியாக எழுதச் சொல்லுங்கள், இல்லையென்றால் உங்கள் வலைப்பூவில் இருக்கும் பழைய பதிவுகளை எடுக்கச் சொல்லி நாளைக்குக் கேட்பார்கள்.

திருட்டைவிட நான் பயப்படுவது வேறொன்றுக்கு. நம் மாவட்டம் சின்னது. யாரை எடுத்தாலும் எங்கேயாவது ஒரு சொந்தம் வரும். என் குடும்பத்தில் நடந்த பாகப்பிரிவினைச் சண்டையை, பெயரை மாற்றி, ஒரு பதிவாக எழுதினேன். நன்றாக எழுதிய பதிவுதான். மூன்றாம் நாள் அது குடும்ப வாட்ஸப் குழுவுக்கு வந்துவிட்டது. கிணற்றுக்கரையில் நின்ற ஒரு அயினி மரத்தை எழுதியிருந்தேன், அது போதும், யார் வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சித்தி வீட்டார் என் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. பதிவை எடுத்துவிட்டேன், ஆனால் அதைப் படமெடுத்து வைத்தவர்கள் கையில் அது இன்னும் இருக்கிறது. புத்தகத்தில் எழுதினால் பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் வாசிப்பார், வலைப்பூவில் எழுதினால் அன்றே சமையலறைக்கு வந்து நிற்கும். உயிரோடு இருக்கிறவர்களின் நோவை எழுதும்போது அதைக் கதைக்கு வையுங்கள், கதைக்குள் போய் அது வேறாகட்டும். வலைப்பூவில் வேண்டாம்.

தொழில்நுட்ப விஷயம் அதிகம் இல்லை. வலைப்பூ நடத்த உதவும் பிளாகரும் வேர்ட்பிரஸும் இலவசம். இரண்டில் எது பழகினதோ அதில் தொடங்குங்கள். சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமென்றால் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் செலவாகும், முதல் வருடமே தேவையில்லை. நான் 2015-இல் பணம் கட்டித் தனித்தளத்துக்கு மாறினேன். புதுப்பிக்கச் சொல்லி வந்த அஞ்சலைப் பார்க்கவில்லை. தளமே போய்விட்டது. நூற்று நாற்பது பதிவுகள். இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் உட்கார்ந்து தேடி தொண்ணூறு பதிவுகளை மீட்டேன், மீதி ஐம்பது போனது போனதுதான். என் அம்மாவின் பேச்சை அவர் சொன்னபடியே எழுதிய மூன்று பதிவுகள் அந்த ஐம்பதில் இருந்தன. அம்மா இப்போது இல்லை. அதனால் எதை எழுதினாலும் ஒரு பிரதி உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு பதிவு என்று கேட்டால், உங்கள் அப்பாவிடமே கேட்கச் சொல்வேன். தினமும் வெட்டினால் மரம் தாங்காது, அதனால்தான் ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டு. ஆழமாக வெட்டினால் அன்றைக்குப் பால் கூடும், பட்டை கெட்டுப்போகும். நட்டு ஆறேழு வருடம் காத்திருந்த பிறகுதான் கத்தி வைக்கவே முடியும். உங்களுக்குப் பள்ளிக்கூட வேலை இருக்கிறது, கதை எழுத வேண்டும், வாசிக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு பதிவு போதும். அதற்குமேல் எழுத வருகிற மாதத்தில் எழுதி வையுங்கள், போடாதீர்கள். கதைக்கு என்று வைத்திருக்கிற நேரத்தை மட்டும் இதற்காகத் தொடாதீர்கள். யார் வந்தார்கள், எத்தனை பேர் என்கிற கணக்கை முதல் ஒரு வருடம் பார்க்காமலே இருந்தால் நல்லது. நான் பார்த்துப் பார்த்து 2012 முழுவதும் ஒன்றும் எழுதாமல் இருந்தேன்.

இப்போது ஆனி மாதம். மழையில் வெட்டு சரியாக நடக்காது, அப்பா பாதி நாள் வீட்டில்தான் இருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து புகைப்புரையைப் பற்றிக் கேளுங்கள், எழுதுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், வாசித்துவிட்டுச் சொல்கிறேன். அந்தப் பதினான்கு கதைகளில் உங்களுக்கே நன்றாக வந்ததாகத் தோன்றுகிற இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். கடைசிப் பத்தி தேவையா இல்லையா என்று பார்க்கலாம்.